ஒரு தட்டு, இரண்டு கரண்டி: பினாங்கில் ஜோடியாகச் சாப்பிடுவது எப்படி

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிற ஜோடிகள் செய்யும் பெரிய தப்பு, முதல் கடையிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுவது. நாங்களும் செய்தோம். ஜார்ஜ் டவுனில் போய் இறங்கிய அன்று மதியம் ஆளுக்கொரு தட்டு நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு, அதற்கு மேல் ஆளுக்கொரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ, அவ்வளவுதான், சாயங்காலம் சூலியா தெருவில் தள்ளுவண்டிகள் அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்தில் இவர் "எனக்கு எதுவும் வேண்டாம், நீ சாப்பிடு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றார். நாலு ராத்திரியில் ஒன்று வீண்.

அதனால், எந்தக் கடையிலும் ஒரு தட்டுதான் வாங்க வேண்டும். இரண்டு கரண்டி கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அங்கே தட்டுகளே சின்னவைதான், ஒரு ராத்திரியில் ஐந்தாறு கடை ஏற தோதாக. பிடிக்காவிட்டாலும் நஷ்டம் அரைத் தட்டு.

அடுத்தது, யார் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஊரிலேயே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் நான் எதையும் வாயில் போடுவேன், இவர் கத்தரிக்காயையே சந்தேகமாகப் பார்ப்பவர். ஒரு கடை நான் சொல்வது, அடுத்த கடை அவர் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். மற்றவர் ஒரு வாய் கட்டாயம் சாப்பிட வேண்டும், இரண்டாவது வாய்க்கு வற்புறுத்தக் கூடாது. இந்த இரண்டாவது பாதிதான் சண்டை வராமல் காப்பாற்றியது.

கூச்சப்படுகிறவரை நேரே கிம்பர்லி தெருவுக்குக் கூட்டிப்போய் வாத்துக் குடலும் உறைந்த ரத்தமும் மிதக்கிற குவே சாப் என்கிற அரிசி நூடுல்ஸ் சூப்பை நீட்டாதீர்கள். நாசி கண்டாரில் தொடங்குங்கள். தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று காவடி கட்டித் தோளில் சுமந்து விற்ற சாப்பாடு அது, கண்டார் என்பது அந்தக் காவடித் தடிதான். சூலியா என்கிற தெருப் பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து போன அவர்களைக் குறித்ததுதான். பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். "பஞ்சிர்" என்று சொன்னால், அதாவது வெள்ளம், நாலைந்து குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். நம் ஊரில் அப்படி ஊற்றினால் அம்மா திட்டுவாள், அங்கே அதுதான் ருசி. மீன் சினை, கணவாய், பெரிய இறால் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அழகாகக் கூப்பிடும். கையைக் காட்டுவதற்கு முன் "பெராப்பா?" என்று விலை கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒரு இறாலைக் காட்டி, பில்லைப் பார்த்து அன்று முழுக்க அமைதியாக இருந்தேன்.

இரண்டாம் நாள் ஆசாம் லக்சா. ஆயர் ஈத்தாமில், கெக் லோக் சி கோயில் இருக்கிற மலையடிவாரப் பக்கம் போய்ச் சாப்பிட்டோம். கானாங்கெளுத்தி மீனை உதிர்த்துப் போட்ட புளிக்குழம்பில் தடித்த இடியாப்பம் மாதிரி அரிசி நூடுல்ஸ், மேலே அன்னாசி, வெள்ளரி, புதினா, இஞ்சிப்பூ. கூடவே கரண்டியில் கருப்பாக ஒரு இறால் விழுது வரும், வாடை தூக்கும். அதை முழுவதும் கலக்காதீர்கள், ஓரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளுங்கள். மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. இவரே இரண்டாவது வாய் கேட்டார், மூன்றாவதும்.

சார் குவே தியாவ் மட்டும் யோசித்து வாங்குங்கள். தட்டையான அரிசி நூடுல்ஸை இறாலோடு பெருந்தீயில் புரட்டித் தருவது, புகை மணம்தான் அதன் உயிர். சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அரைவேக்காட்டுச் சிப்பியும் இருக்கும். சிப்பி ஒத்துக்கொள்ளாது என்றால் "தா மாவ் கெராங்" என்று சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், பன்றி சேர்ந்த தட்டைத் தூக்கிக்கொண்டு முஸ்லிம் கடை மேசையில் போய் உட்காராதீர்கள், அது மரியாதையில்லை.

கோப்பித்தியாமில், அதாவது பல சாப்பாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் காப்பிக் கடையில், உட்கார்ந்தால் சாப்பாட்டுக்காரர் வேறு, பானக்காரர் வேறு. மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள், தட்டு வந்ததும் காசு கொடுங்கள், சில்லறை ரிங்கிட் கையில் இருக்கட்டும். ஏதாவது குடிக்க வாங்குவது அங்கே முறை. "கோப்பி" என்றால் இனிப்பான டின் பாலோடு வரும், "கோப்பி ஓ" பால் இல்லாமல் சர்க்கரையோடு, "கோசோங்" சேர்த்தால் சர்க்கரையும் கிடையாது. வெயிலுக்கு ஜாதிக்காய் ஜூஸ் கேட்டுப் பாருங்கள், பினாங்கில் விளைகிற காய். பினாங்கு ரோடு ஓரச் சந்தில் செண்டோலும் உண்டு, பச்சைப் புழு மாதிரி இருக்கும், தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய அரிசி மாவு நூல்தான், பயப்படாதீர்கள்.

இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் இருக்கட்டும். எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனால் அது இருந்த தைரியத்தில்தான் இவர் சிப்பி வரைக்கும் வந்தார்.

கடும் வாடை அடிக்கிற துரியன் பழத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். மே முதல் ஜூலை வரைதான் நல்ல பருவம், தோட்டங்கள் பாலிக் புலாவ் பக்கம். விலை ஓட்டோடு சேர்த்து எடைக்கு, அதனால் வெட்டுவதற்கு முன் கிலோ விலையைக் கேளுங்கள், வெட்டிய பிறகு ஒரு சுளையைத் தொட்டுப் பார்த்துத்தான் சரி சொல்லுங்கள். முதல் பழத்துக்கே மூசாங் கிங் ரகம் வேண்டாம், அது கசப்பும் சேர்ந்தது, விலையும் அதிகம். இனிப்பானது எது என்று கேட்டால் அவர்களே எடுத்துத் தருவார்கள். சூடு என்று சொல்லிக் கூடவே மங்குஸ்தான் சாப்பிடச் சொல்வார்கள், கேளுங்கள், மங்குஸ்தானுக்காகவாவது.

அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். பல விடுதிகளில் துரியனுக்குத் தடை, வாசலிலேயே படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். ஓட்டின் குழிவில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் வாடை போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். கழுவினோம். போய்விட்டது என்றுதான் நினைத்தோம், விடுதி லிஃப்டில் எங்களோடு ஏறிய இருவர் அடுத்த மாடியிலேயே இறங்கும் வரை.