நிற்கும் வண்டியில் ஓடும் ஏசி: டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு

ஏசி வீணாவது பெரும்பாலும் வண்டி நிற்கும்போதுதான். நீங்கள் இறங்கி உள்ளே போனதும் டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்து, ஒன்றிரண்டு மணி நேரம் தூங்குவதோ போன் பார்ப்பதோ நடக்கிறது. சின்ன பெட்ரோல் கார் இப்படி நின்றபடி ஏசியோடு ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை குடிக்கும். பெரிய வண்டி ஒன்றரை லிட்டர்கூடக் குடிக்கும். தினம் 2 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வையுங்கள். 50 மணி நேரத்தில் சின்ன காருக்கே ஒரு முழு டேங்க் காலி.

இழப்பு அதோடு நிற்பதில்லை. இன்ஜின் ஓடுகிறது, ஓடோமீட்டர் ஓடுவதில்லை. அதனால் ஆயில் மாற்றும் கணக்கு தப்பிப்போகும். நின்று ஓடும் ஒரு மணி நேரத்தை 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. டீசல் வண்டியில் சைலன்சர் சூடேறாமல் டிபிஎஃப்பில், அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரில், கரி சேர்ந்து அடைக்கும். நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கன்டென்சரையும் இன்ஜினின் ரேடியேட்டரையும் குளிர்விக்க ஃபேன் மட்டும்தான். ஃபேன் பழுதாகி இருந்தாலோ கூலன்ட் குறைந்திருந்தாலோ இன்ஜின் சூடு ஏறிவிடும், தூங்குகிறவருக்கு அது தெரியாது.

இதைத் தடுக்க முதல் வேலை, டிரைவர் உட்கார ஓர் இடம் பார்த்துக் கொடுப்பது. வெயிலில் மூடி நிற்கும் காரின் உள்வெப்பம் அரை மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட சுமார் 20 டிகிரி ஏறிவிடும். அதற்குள் ஒருவரை உட்காரவைத்து, ஏசியும் போடக் கூடாது என்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. நிழலான பார்க்கிங், ஒரு நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர், போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக். இத்தனை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். போகும் இடத்தில் டிரைவர்கள் அறை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

அடுத்தது பேச்சு. வேலைக்குச் சேரும் அன்றே தெளிவாகச் சொல்லுங்கள்: “நான் இறங்கினதும் இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. வெளியே வர 5 நிமிஷம் முன்னாடி போன் பண்றேன், அப்போ ஏசி போட்டு வைங்க.” இரண்டாவது வாக்கியம் முக்கியம். ‘ஐயா எப்போது வருவாரோ, வண்டி சூடாக இருந்தால் திட்டுவாரோ’ என்ற பயத்தில் ஏசியை ஓடவிடுகிற டிரைவர்கள் நிறையப் பேர். விதிவிலக்கையும் சொல்லிவையுங்கள்: உடம்பு சரியில்லாதபோது, அல்லது நிழலே கிடைக்காத இடத்தில், தினம் 15 நிமிடம் போட்டுக்கொள்ளலாம் என்பதுபோல ஓர் அளவு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மூடிய ஷெட்டிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் இன்ஜினை ஓடவிட்டு உள்ளே இருக்கக் கூடாது, எங்கே நின்றாலும் இன்ஜின் ஓடும் வண்டியில் தூங்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. சைலன்சர் பைப்பில் ஓட்டை இருந்தால் திறந்தவெளியில்கூட அது உள்ளே வரலாம். தூங்குகிறவர் அப்படியே எழாமல் போய்விடுவார். பெட்ரோல் செலவுக்கு முன்பாக இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். தன் உயிர்மேல் அக்கறை உள்ளவர் சொல்கிறார் என்று டிரைவருக்குப் புரியும்.

இனி கணக்கு. மைலேஜ் குறைவதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள். டயரில் காற்று குறைந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும், நெரிசல் கூடினாலும் மைலேஜ் இறங்கும். சராசரி வேகம்தான் நல்ல சாட்சி. மீட்டரில் ‘ஆவரேஜ் ஸ்பீடு’ காட்டும் வண்டி என்றால் காலையில் ட்ரிப்பை ரீசெட் செய்யுங்கள். 24 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடி, பிறகு இன்ஜின் அணைந்தே இருந்தால் 24 காட்டும். அதே வண்டி 2 மணி நேரம் நின்று ஓடியிருந்தால் 8 காட்டும். எல்லா வண்டியும் ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. அதனால் முதலில் நீங்களே 15 நிமிடம் அணைத்து வைத்தும், 15 நிமிடம் நின்றபடி ஓடவிட்டும் எண் எப்படி மாறுகிறது என்று சோதித்துவிடுங்கள்.

கண்ணால் பார்த்தும் ஓரளவு தெரியும். ஏசி ஓடினால் வண்டிக்கு அடியில், முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக்கு அருகே உள்ள குழாய் வழியாகத் தரையில் தண்ணீர் சொட்டும். வந்து நின்றதும் சொட்டிய தண்ணீர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்து நீங்கள் வரும்போதும் அங்கே தட்டளவுக்கு ஈரம் பரவி, துளி விழுந்துகொண்டே இருந்தால், ஏசி சற்றுமுன்வரை ஓடியிருக்கிறது. நீங்கள் போன் செய்த பிறகு போட்டதா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

துல்லியம் வேண்டுமென்றால் ஓடிய மணி நேரத்தை எண்ணும் 12 வோல்ட் ஹவர் மீட்டர் ஒன்று வாங்கி, ஏசி கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்சுக்குப் போகும் வயரிலிருந்து இணைப்பு எடுத்து மாட்டலாம். மற்ற முனை எர்த்துக்கு. இணைப்பு எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலைதான். இறங்கும்போது 112.4 இருந்து, திரும்பி ஏறும்போது 113.6 இருந்தால் 1.2 மணி நேரம், அதாவது 72 நிமிடம் கம்ப்ரசர் ஓடியிருக்கிறது. கிளட்ச் அவ்வப்போது விட்டுவிட்டுப் பிடிப்பதால் ஏசி போட்டிருந்த நேரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஏசி பட்டனை அழுத்தியதும் முன்பக்கம் ‘டக்’ என்று சத்தம் கேட்கும் வண்டிக்குத்தான் இது பொருந்தும். கிளட்சே இல்லாத கம்ப்ரசர் உள்ள வண்டிக்கு ஜிபிஎஸ் டிராக்கர் போடுங்கள். வேகம் பூஜ்யம், இன்ஜின் ஆன், 10 நிமிடம் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும்படி அமைக்கலாம். எதைப் பொருத்தினாலும் டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பொருத்துங்கள். சொன்னாலே பழக்கம் மாறிவிடுவதுண்டு.

ஏசி ரிலேயை (கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சின்ன ஸ்விட்ச் பெட்டி) கழற்றுவது, ரகசிய ஸ்விட்ச் வைப்பது இரண்டும் வேண்டாம். பக்கத்தில் உள்ள ஹாரன் ரிலே பல வண்டிகளில் அதே வகைதான், டிரைவர் அதை மாற்றிச் செருக ஒரு நிமிடம் போதும். ஸ்விட்ச்சுக்காக வயரை வெட்டினால் வாரண்டியில் தகராறு வரும், புது வண்டிகளில் இன்ஜின் விளக்கும் எரியும். அதைவிடப் பெரிய ஆபத்து மழையில். கண்ணாடியில் படியும் ஆவியை வேகமாக விலக்குவது ஏசிதான். நடு ரோட்டில் அது வேலை செய்யாவிட்டால் டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது.

இன்ஜினை அணைத்துவிட்டு புளோயரையும் பாட்டையும் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பார்கள். அதில் குளிர்ச்சி வராது, பேட்டரிதான் இறங்கும். புளோயர் முழு வேகத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகும்.

மின்சார வண்டிக்குப் புகைப் பிரச்சினை இல்லை, நின்றபடி ஏசி ஓடினால் செலவும் குறைவு. ஓட்ட தூரம்தான் குறையும். நல்ல வெயிலில் 2 மணி நேரத்துக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போய்விடலாம் என்று கணக்கு வைத்து, அன்றைய பயணத்துக்குத் தேவையான சார்ஜ் சதவீதத்தை டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் ஏசியை அணைத்துவிட வேண்டும். உயர் அழுத்த மின்சாரம் போகும் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் எந்தக் காரணத்துக்கும் யாரும் தொடக் கூடாது.