கோழிக்குஞ்சுகளுக்கு மண்முட்டி கவிழ்த்துக் கறையான் பிடிப்பது எப்படி?

ஊர்க்கோழிக் குஞ்சுக்கு முதல் ஒன்றரை மாதமும் புரதம் நிறைய வேணும். குறுணலும் தவிடும் மட்டும் போட்டால் இறகு ஒழுங்காக முளைக்காது, குஞ்சு ஒடுங்கிப்போய் நிற்கும். கடையில் பையாக விற்கும் தீன் கட்டுபடியாகாத வீட்டுக்குக் கறையான் பெரிய உதவி. காசு செலவில்லை.

அகன்ற வாயுள்ள பழைய மண்முட்டி ஒன்று எடுங்கள். உள்ளே போட: காய்ந்த மாட்டெரு, கிழிந்த சணல் சாக்கு, உக்கிய காவோலை, தென்னம் பன்னாடை. பச்சைச் சாணி போட்டால் ஈப்புழுதான் வரும். உரப்பை பிளாஸ்ரிக், கறையான் தொடாது. பெயின்ற் அடித்த பலகையும் கழிவு ஒயில் பூசிய கப்புத் துண்டும் கட்டாயம் வேண்டாம்.

இனி இடம். வேலிக்கரையில் செத்த கதியாலின் அடி, பழைய பனங்குற்றி, குப்பை குவித்த மூலை இவற்றில் மண்பூச்சைப் பாருங்கள். நகத்தால் சுரண்டும்போது வெள்ளை வெள்ளையாக ஓடினால் அதுதான் இடம். பொடியாக உதிர்ந்தால் அது கைவிட்ட பாதை. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டத்து வரம்பில் வைக்காதீர்கள். மருந்தடித்த மண்ணில் பிடித்த பூச்சி குஞ்சையே கொல்லும். அத்திவாரத்துக்குக் கறையான் மருந்து விட்ட வீட்டுச் சுவரோரமும் அப்படித்தான்.

பின்னேரம் ஐந்து மணியளவில் நிலத்தை லேசாகக் கிளறித் தண்ணீர் தெளியுங்கள். முட்டியை வாய்மட்டம் வரை நிரப்பி நனையுங்கள். இறுக்கி அடையக்கூடாது, கறையான் நுழைய இடுக்கு வேணும். ஈரம் சரியா என்று ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: கை நனையவேணும், சொட்டக்கூடாது. சொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ஈரமண் அணைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். வெளிச்சமும் காற்றும் புகுந்தால் கறையான் மேலே ஏறாது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் மரநிழலில் வைத்து மத்தியானமும் தண்ணீர் தெளிக்கவேணும். மாரியில் வெள்ளம் நிற்காத மேட்டில் வையுங்கள்.

விடிய, வெயில் ஏற முன்னம் எடுத்துவிடுங்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான். எட்டு மணிக்குப் போனால் பாதிக் கறையான் மண்ணுக்குள் இறங்கியிருக்கும், மீதியை எறும்பு இழுத்துக்கொண்டிருக்கும். முட்டியைச் சுளகில் சரித்து, சாக்குத் துண்டைத் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். எறும்பு ஏறியிருந்தால் அந்தச் சுளகைப் பெரிய கோழிகளுக்கும் போடவேண்டாம், சிலவகை எறும்பாலும் சாணி வண்டாலும் நாடாப்புழு பரவும். முதல் நாள் ஒன்றும் இல்லையென்றால் இடம் மாற்றாமல் இன்னொரு இரவு விடுங்கள்.

பத்துக் குஞ்சுக்கு ஒரு சிறங்கை போதும். கால்மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் அளவுதான் கணக்கு. கூடப் போட்டால் கறையானால் இரைப்பையை நிரப்பிக்கொண்டு தீனைத் தொடாது. முதல் வாரக் குஞ்சுக்குப் பெரிய தலையுள்ள காவல் கறையானைப் பொறுக்கி எறியுங்கள், அது கடிக்கும். பக்கத்தில் கொஞ்சம் குறுமணலும் தண்ணீரும் இருக்கட்டும்.

முருங்கையில் கிடக்கும் மயிர்க்கொட்டியை எக்காரணம் கொண்டும் பிடித்துப் போடாதீர்கள்.

தட்டி முடித்த சாக்கையும் ஓலையையும் திரும்ப நனைத்து அதே முட்டியில் போடலாம். அவை மண்ணாக உதிரத் தொடங்கும்போது மாற்றினால் சரி.