எல்லைக்கல் ஊருக்குள் வந்தால்: வன்னிக் கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி

வடஇலங்கையின் வன்னியில், காட்டோரக் கிராமம் ஒன்றில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் புதிதாக நடப்பட்டிருப்பதைக் கண்டவர்கள் செய்யக்கூடாதவை இரண்டு உள்ளன. கல்லைப் பிடுங்கக்கூடாது, கத்தியோடு போய்ப் பற்றையை வெட்டித் துப்புரவாக்கவும் கூடாது. முதலாவது வழக்கில் கொண்டுபோய் விடும். இரண்டாவது அதைவிடக் கெடுதலானது. ஊர் அங்கே இருந்ததற்கான சாட்சி அந்தப் பற்றைக்குள்ளேயே நிற்கிறது. அதை நம் கையாலேயே அழித்த பின்னர் எந்த அலுவலகத்திற் போய் முறையிட்டாலும் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

இயற்கைப் பாதுகாப்புக்காக மக்களை இடம்பெயர்த்தல் என்றதும், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் இறக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. மதுரு ஓயா தேசிய பூங்கா 1983இல் பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர் என்னும் பழங்குடிக் குடும்பங்கள் ஹெனானிகல போன்ற மகாவலி நீர்ப்பாசனத் திட்டக் குடியேற்றங்களுக்கு அவ்வாறே அனுப்பப்பட்டன. வன்னியிலோ இது பெரும்பாலும் வேறு வடிவில் நிகழ்கிறது. போர் சனத்தை எழுப்பியது. வெறுமையான காணியிற் காடு வளர்ந்தது. பின்னர் வந்த வரைபடம் அதைக் காடென்றே குறித்துக்கொண்டது. மன்னார் முசலிப் பகுதியிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பிவரத் தொடங்கிய காலத்தில், 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி சார்ந்த நிலம் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் (அரச அறிவிப்பிதழில்) வெளியானது. 2017 மார்ச் 24ஆம் திகதிய பிரகடனம் அதையும் அயற் காடுகளையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கரை மாவில்லு பேணற்காடாக்கியது. இங்கே ஒருவரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. திரும்பி வருவதைத் தடுத்தாற் போதுமானதாயிருந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வில்பத்து தேசிய பூங்காவுக்கு வடக்கேயுள்ள கல்லாறு காட்டை மீள்குடியேற்றத்துக்காக வெட்டியது சட்டவிரோதம் என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மீள்மரநடுகைக்கும் கட்டளையிட்டது. அரசியல்வாதி ஒருவர் வாயாற் கொடுத்த காணியில் வீடு கட்டியவரின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பதை அந்தத் தீர்ப்பிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் வர்த்தமானி

எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வகையாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளது என்பதை அறியாமல் ஒரு கடிதமும் எழுதவேண்டாம். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் ஒதுக்குக் காடும் பேணற்காடும் வனவளத் திணைக்களத்துக்கு உரியவை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய பூங்காவும் சரணாலயமும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியவை. தேசிய பூங்கா அரச காணியில் மட்டுமே அமையலாம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது போன்ற மாற்றம் வெறும் பெயர்மாற்றமன்று; அங்கே வாடி (கரையோரக் குடிசை) போட்டு மீன்பிடிப்பவர், மாடு விடுபவர், விறகு எடுப்பவர் அனைவருடைய நிலையையும் அது மாற்றிவிடுகிறது.

வர்த்தமானியின் இலக்கமோ எல்லை வரைபடமோ கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் கூறவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்கவேண்டும். ‘எங்கள் காணியை ஏன் பிடித்தீர்கள்’ என்று கேட்பது தகவற் கோரிக்கையாகாது. எல்லை நிர்ணயத்துக்கு முன்னர் கள அளவீடு செய்யப்பட்டதா, செய்யப்பட்டதாயின் எந்தத் திகதியில், பிரதேச செயலாளரின் கருத்துப் பெறப்பட்டதா, அந்தக் கடிதத்தின் பிரதி எங்கே என்று துண்டுதுண்டாகக் கேட்பதே பயன்தரும்.

பற்றைக்குள் நடத்தல்

இந்த வேலைக்கு இரண்டு முதியவர்கள், ஒரு கைத்தொலைபேசி, ஒரு கொப்பி ஆகியவற்றோடு காலை வேளையும் வேண்டும். யானை நடமாடும் இடமானால் ஆட்கள் கூடுதலாகப் போகவேண்டும். நாங்கள் ஒருமுறை அப்படிப் போனபோது, முதல் அரை மணி நேரம் வீரையும் காட்டு முட்பற்றையும் தவிர வேறொன்றும் தென்படவில்லை. உடன் வந்த ஐயா திடீரென்று நின்று, ‘இது சின்னத்தம்பியண்ணையின்ர வேலி’ என்றார். எங்களுக்குத் தெரிந்தது மரங்கள் மட்டுமே. பிறகுதான் அவை கிளுவை என்பதும், ஒன்றிலிருந்து ஒன்று ஒரே இடைவெளியில் நேர்கோட்டிற் போகின்றன என்பதும், ஓரிடத்திற் கோடு செங்கோணமாகத் திரும்புகிறது என்பதும் கண்ணிற் பட்டன. வெட்டாமல் விட்ட வேலிக் கதியால் முப்பது ஆண்டில் இருபது அடி மரமாகிவிட்டது. காடு ஒருபோதும் செங்கோணத்தில் முளைப்பதில்லை.

இப்படியானவற்றைத்தான் தேடவேண்டும். கட்டுக்கிணறு, அம்மி, வீட்டு அத்திவாரம், மாட்டுப் பட்டி இருந்த இடத்தின் கருமண், பாலை மரத்தடியில் நாச்சிமாருக்கோ ஐயனாருக்கோ வைத்த கல், குளத்தின் துருசு (மதகு), வான் (மிகைநீர் வழியும் இடம்), வாய்க்கால் ஆகியன நல்ல சான்றுகள். பனையும் புளியும் தனித்து நின்றால் அவை தாமாகவும் முளைத்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். வரிசையில் நிற்கும் தென்னங்குற்றிக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் அமைவிடத்தைப் பதிந்து, அருகிலிருந்தும் தள்ளிநின்றும் படம் எடுத்து, யார் சொன்னார், அவர் நேரிற் கண்டதா அல்லது கேட்டதா என்பதைக் கொப்பியிற் பிரித்தெழுதவேண்டும். பெண்களைத் தனியாகக் கேட்பது அவசியம். ஆனி, ஆடியிற் பாலைப்பழம் பொறுக்கிய இடத்தையும் விறகுப் பாதையையும் ஆண்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இங்கே எங்களுக்கு நேர்ந்த தவறு ஒன்றைக் குறிப்பிடவேண்டும். தொலைபேசி தரும் ஆள்கூறுகளை (அமைவிட எண்களை) அப்படியே எழுதிக் கொடுத்தோம். நில அளவை வரைபடமோ இலங்கைக்குரிய ஆள்கூற்று முறையில் இருந்தது. ஓர் அலுவலகத்தில் அவற்றை மாற்றாமற் குறித்துப் பார்த்தபோது, குளக்கட்டின் மேலிருந்த எங்கள் கோயில் குளத்துக்கு நடுவே போய் நின்றது. அதன் பின்னர் மற்றப் புள்ளிகளையும் எவரும் நம்பவில்லை. பதிவுபெற்ற நில அளவையாளர் ஒருவரைக்கொண்டு ஆள்கூறுகளை மாற்றுவித்து, அவருடைய கையொப்பத்தோடு கொடுத்திருந்தால் அந்த அலைச்சல் தவிர்ந்திருக்கும்.

உங்களுடையதல்லாததைக் கேட்காதீர்கள். போருக்கு முன்னர் எவரும் தொடாத காட்டையும் சேர்த்து எழுதினால் முழுக் கோரிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். குளத்துக்கு மேலேயுள்ள காட்டை, ஊரே முன்வந்து விட்டுக்கொடுப்பதாக எழுதுவது புத்தி. அது அழிந்தால் மண் வந்து குளம் தூர்ந்துபோகும் என்பது கமக்காரர் அமைப்புக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

எழுத்தில் இருப்பவை

அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்து, வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே எடுபடுவது செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரம் மட்டுமே. மூன்று தலைமுறையாக இருந்தோம் என்ற கதைக்கு அந்த நீதிமன்றத்தில் இடமில்லை. ஆகவே, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற காணி அனுமதிப்பத்திரம் (பெர்மிட்) இடப்பெயர்விற் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டிலுள்ள பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை முதலிற் பெறவேண்டும். அது இல்லாதவிடத்து நெற்காணிப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலை வரவுப் பதிவேடு, பிறப்புப் பதிவு ஆகியவை ஊர் இருந்ததற்கான சான்றாகும். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு, ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கையேடும் ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் பழைய வரைபடமும் குளத்தின் பெயரையாவது காட்டக்கூடும்.

அடிப்படை உரிமை மீறல் மனு உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. கூட்டம் வைத்துப் பேசிப் பேசியே பல ஊர்கள் இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டுவிடுகின்றன.

மாற்றுக் காணி தருகிறோம் என்றால்

ஏற்பதா மறுப்பதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே முடிவுசெய்ய இடமிருக்கவேண்டும். கேட்கவேண்டிய முதற் கேள்வி தண்ணீர் எங்கே என்பது. கர்நாடகத்தின் பத்ரா சரணாலயத்திலிருந்து 2001, 2002ஆம் ஆண்டுகளில் இடம்மாறிய 400க்கும் மேற்பட்ட குடும்பங்களின் அனுபவம் ஒப்பீட்டளவில் நல்லதாகக் கருதப்படுவதற்கு, நீர்ப்பாசன வசதியுள்ள காணி கிடைத்தது ஒரு முக்கிய காரணம். அடுத்தது, புதிய காணி எந்தக் காட்டை வெட்டிப் பெறப்படுகிறது என்பது. ஒரு காட்டைக் காக்க இன்னொரு காட்டை வெட்டி, யானையின் பாதையிற் சனத்தை இருத்துவதாயின் அதில் இயற்கைக்கும் இலாபமில்லை.

ஊர் வெளியேறினாற் காடு தானாகச் செழிக்கும் என்பதையும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளவேண்டாம். குளக்கட்டை ஆண்டுதோறும் பார்க்க ஆளில்லாவிட்டால் ஒரு மாரியிற் கட்டு உடையும். கோடையில் அந்தத் தண்ணீரை நம்பியிருந்த யானையும் மரையும் அடுத்த ஊருக்குப் போகும். மேய்ச்சலை நிறுத்திய தரவையும் (புல்வெளியும்) அப்படியே இருப்பதில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டபோது மோதலில் உயிர்கள் போயின. அதன் பின்னர் புல் நீர்நிலைகளை அடைத்து வளர்ந்து பறவைகளுக்கே இடைஞ்சலானதை ஆய்வாளர்கள் பதிந்தனர். இலங்கையின் யானைகளிற் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்கு வெளியேயும் உலவுகின்றன. சேனைப் பயிர்ச்செய்கைக்காக வெட்டிக் கைவிட்ட இளம் பற்றைக்காடு அவற்றுக்கு நல்ல தீனி. ஆகவே குளத்தை யார் பராமரிப்பது, எந்த மாதத்தில் எவ்வளவு மாடு உள்ளே விடலாம், தேனெடுக்கவும் கோயிற் பொங்கலுக்கும் எந்தப் பாதையாற் போகலாம் என்பவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்ளுமாறு கேட்பதில் நியாயம் உண்டு.

சேர்த்த ஆவணங்களை ஒரே வீட்டில் வைக்கவேண்டாம். ஒரு தொகுதி கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்திடமும், ஒன்று சட்டத்தரணியிடமும், படமெடுத்த பிரதி வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும். பெர்மிட்டின் மூலப்பிரதியை ஒருபோதும் இலமினேற் செய்யக்கூடாது. செய்தால் பின்னுரித்தாளரின் பெயரை அதில் எழுத இடமில்லாமற் போகும்.