'சூப்டு அப்' வண்டியா, 'ஜாஸ்டு அப்' வண்டியா?

பழைய பைக், கார் வாங்க ஆங்கில விளம்பரம் பார்க்கிறீர்களா? விலை பேசுமுன் அதிலுள்ள பேச்சுவழக்குச் சொல்லைக் கவனியுங்கள். 'சூப்டு அப்' என்றால் எஞ்சின் சக்தியையே கூட்டியிருக்கிறார்கள். 'பீஃப்டு அப்' என்றால் பலப்படுத்தியது. 'ஜாஸ்டு அப்', 'ட்ரிக்ட் அவுட்' இரண்டும் பெரும்பாலும் மேல் அலங்காரம்தான்: ஸ்டிக்கர், குரோம், எல்.இ.டி. அதற்கு எஞ்சின் வேலை பார்த்த விலையைக் கொடுக்காதீர்கள்.

சக்தி கூட்டிய வண்டி என்றால் முதலில் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பதிவு விவரத்துக்கு ஒத்துவராதபடி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. அலங்கார வண்டியா? குரோமுக்கு அடியில், நட்டு போல்ட் இடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்று அங்கேதான் வேலையைக் காட்டியிருக்கும்.

இந்தக் கணக்கு நம்மூர் புரோக்கர் பேச்சுக்கு ஒத்துவராது. அவருக்கு ஹாரன் மாற்றினாலே 'டர்போ'தான். நிஜ டர்போ என்பது புகை வெளியேறும் விசையில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் தனிப் பாகம். பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.