ஓணம் பம்பர் எடுக்கும்போது கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்

ஓணம் பம்பர் என்பது ஓணத்தை ஒட்டிக் கேரள அரசு விற்கும் பெரிய பரிசு லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ யாராவது கேரள டிக்கெட்டை ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் டிக்கெட் படம் அனுப்பிப் பணம் கேட்பது மோசடி. கேரள அரசு விற்பது காகித டிக்கெட் மட்டுமே. கேரள எல்லையில் குமுளி, ஆரியங்காவுப் பக்கம் வேறு வேலையாகப் போகும்போது கடையில் எடுங்கள். இதற்கென்றே போனால் பஸ் காசு வேறு ஆகிவிடும்.

பம்பர் டிக்கெட் 500 ரூபாய். பத்து சீரிஸ் (நம்பருக்கு முன்னால் வரும் எழுத்துகள்), சீரிஸுக்கு 9 லட்சம் நம்பர் என்று முழுதாக அச்சடித்தால் 90 லட்சம் டிக்கெட். முதல் பரிசு 25 கோடி, ஒரே ஒரு டிக்கெட்டுக்கு. ராசி எண்ணோ பிறந்த தேதியோ இந்தக் கணக்கை அசைக்காது. பத்து டிக்கெட் எடுத்தால் 9 லட்சத்தில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் எந்தப் பத்து என்பதில் விஷயம் இருக்கிறது. பலர் 412358 போன்ற ஒரே நம்பரைப் பத்து சீரிஸிலும் 'செட்'டாக எடுக்கிறார்கள். முதல் பரிசு வாய்ப்பு அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. விழுந்தால் மற்ற ஒன்பதுக்கும் ஆறுதல் பரிசு உண்டு. சிறிய பரிசுகள்தான் இடிக்கும். அவை எல்லா சீரிஸுக்கும் பொதுவாகக் கடைசி நாலு இலக்கத்துக்கு விழுபவை. செட் எடுத்தவர் கையில் 2358 மட்டும். விழுந்தால் பத்தும் விழும், இல்லையென்றால் பத்தும் போச்சு. 2358, 7041, 0916 என்று பிரித்து எடுத்தால் ஏதாவது ஒன்று தட்டுப்படும் வாய்ப்பு பல மடங்கு. 5,000 ரூபாய் போட்டு வெறுங்கையோடு நிற்காமல் இருக்க, பிரித்து எடுப்பதே எங்கள் பரிந்துரை.

ஐந்தாறு பேர் கூட்டாகப் போடுவது இன்னும் நல்லது. 2023 ஓணம் பம்பர் முதல் பரிசே கேரள எல்லையிலுள்ள வாளையாறில் கூட்டாக எடுத்த தமிழ்நாட்டு நால்வருக்குத்தான் போனது. கோயில் வரியைக் குடும்பவாரியாகப் புள்ளிக் கணக்கில் எழுதுவதுபோல, யார் எத்தனை பங்கு என்று குலுக்கலுக்கு முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். டிக்கெட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்து இல்லாத டிக்கெட் தொலைந்தால் கண்டெடுத்தவன் பாடு கொண்டாட்டம்.

25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போக 22.5 கோடி, அதில் 30 சதவீத வரிப் பிடித்தம் போனால் 15.75 கோடி. சர்சார்ஜ் (வரியின் மேல் கூடுதல் வரி) தனியே கட்ட வேண்டும். பங்கு பிரிக்கும்போது அந்தத் தொகையை முதலில் எடுத்து வையுங்கள். குலுக்கல் முடிந்த 30 நாளுக்குள் டிக்கெட்டை ஒப்படைத்தாக வேண்டும்.