ஆஸ்கருக்கும் அரோவனாவுக்கும் துணை உணவு தேர்ந்தெடுத்தல்

ஆஸ்கர், அரோவனா போன்ற தொட்டியில் வளர்க்கும் பெரிய கொன்றுண்ணி மீன்களுக்கு அன்றாட உணவாக நீரில் மிதக்கும் தரமான தீவனக் குருணையே இருக்க வேண்டும். துணை உணவு அதன் குறைகளை நிரப்பவும் மீனின் வேட்டை இயல்பைத் தூண்டவும் மட்டுமே.

பலரும் முதலில் வாங்குவது உயிருள்ள தங்கமீன் குஞ்சுகளைத்தான். இதை நான் உறுதியாகத் தவிர்க்கச் சொல்வேன். நெரிசலான தொட்டிகளில் வளரும் அவை ஒட்டுண்ணிகளையும் நோய்க்கிருமிகளையும் சுமந்து வரக்கூடும். அதோடு, தங்கமீனிலும் கெண்டையிலும் உள்ள தயாமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1ஐச் சிதைப்பதால், அவற்றையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு நாளடைவில் நரம்புத் தளர்ச்சியும் வலிப்பும் ஏற்படலாம். உறையவைப்பது பல ஒட்டுண்ணிகளைக் கொல்லுமே தவிர, இந்த நொதியை அழிக்காது.

மாட்டிதயமும் கோழியிறைச்சியும் மலிவானவைதான். ஆனால் நிலவிலங்கின் கொழுப்பு மீனுக்கு எளிதில் செரிப்பதில்லை, ஈரலில் படியும். எப்போதாவது, கொழுப்பு முழுவதும் நீக்கிக் கொடுக்கலாம்.

ஆஸ்கருக்கு ஓட்டுடன் நறுக்கிய இறாலும், பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்த மண்புழுவும் மிகவும் ஏற்றவை. இறால் ஓட்டிலுள்ள நிறமிகள் மீனின் செந்நிறத்துக்கும் உதவும். அமேசான் காடுகளில் நீருக்கு மேல் துள்ளிப் பூச்சி பிடிக்கும் வெள்ளி அரோவனாவுக்கு, சத்தான தீவனம் ஊட்டி வளர்த்த சிள்வண்டுகளைத் தரலாம். அப்போது தொட்டியின் மூடி இறுகியிருக்கட்டும்.

புதிய உணவைச் சிறிதளவில் தொடங்கி, சில நிமிடங்களில் தின்னாத மிச்சத்தை உடனே அகற்றுங்கள்.