சூடான் நிவாரணப் பணி: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழந்துணி அனுப்பாதீர்கள், காலாவதியான மருந்து அனுப்பாதீர்கள், பசித்த குழந்தையோடு செல்ஃபி எடுக்காதீர்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாமல் வருபவருக்கு முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நல்ல படிப்பும் நல்ல மனசும் உள்ளவர்கள் செய்கிற தவறுகள்தான் ஆபத்தானவை. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவத்துக்கும் சண்டை வெடித்ததிலிருந்து இந்தப் பணிக்குப் புதுமுகங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே பிசகுகளை அதே உற்சாகத்தோடு செய்கிறார்கள்.

பேர் எழுதி வாங்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையாத தவறு இது.

சூடானில் பல பேட்டைகளில் மக்களுக்குச் சாப்பாடு போடுவது அந்தந்தத் தெருக்காரர்களே. ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் இயங்கும் தன்னார்வக் குழுக்கள், ‘தக்கியா’ எனப்படும் பொதுச் சமையற்கூடங்களை நடத்துகின்றன. பெரிய அண்டா, பருப்பு, சோளமாவு, விறகு, அக்கம்பக்கத்து இளைஞர்களும் பெண்களும், அவ்வளவுதான். அவர்கள் கைக்குப் பணம் போய்ச் சேர வழி செய்வதுதான் நம்மில் பலருக்கு வேலை.

பணம் போனால் கணக்கு வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் நிவாரண நிறுவனத்துக்குப் புதிதாக வரும் அதிகாரி முதலில் ஒரு படிவம் தயாரிப்பார். குடும்பத் தலைவர் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், இனக்குழு, எந்த ஊரிலிருந்து வந்தவர், தொலைபேசி எண், வீட்டில் வயதுவந்த ஆண்கள் எத்தனை பேர், கைநாட்டு, வீடு இருக்கும் ஜிபிஎஸ் புள்ளி. இத்தனையும் எதற்கு என்று கேட்டால், “பின்னால் தேவைப்படலாம்” என்பார்.

அந்தத் தாளைச் சோதனைச்சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவனுடைய கண்ணால் ஒருமுறை பாருங்கள். எந்தத் தெருவில் எந்த இனத்தார், எந்த வீட்டில் சண்டை வயதில் ஆண்கள், யார் எங்கிருந்து தப்பி வந்தவர், எல்லாம் அதில் இருக்கிறது. உளவுப் பிரிவு மாதக்கணக்கில் அலைந்து திரட்டவேண்டியதை நாம் ஒரு கரண்டிப் பருப்புக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் மேற்கு டார்ஃபூரின் அல்ஜெனெய்னாவைப் பாருங்கள். 2023இல் அங்கே மசாலித் இன மக்களை இனம் கேட்டுக் கேட்டுக் கொன்றார்கள். அந்த ஒரு நகரத்தில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை சொன்னது. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கே இதை விளக்கவேண்டியிருப்பதுதான் ஆச்சரியம்.

“இந்தப் பகுதி இப்போது அமைதியாகத்தானே இருக்கிறது” என்ற பதில் வரும். போர்முனை நகரும், எழுதிய தாள் அங்கேயே கிடக்கும். தலைநகர் கார்ட்டூமில் ஆர்.எஸ்.எஃப். பிடியில் இருந்த பேட்டைகளில் சமைத்துப் போட்டவர்களை, ராணுவத்துக்கு உளவு சொல்கிறார்கள் என்று ஆர்.எஸ்.எஃப். பிடித்தது. 2025 மார்ச்சில் ராணுவம் தலைநகரை மீட்டது. அடுத்து, ஆர்.எஸ்.எஃப்.போடு ஒத்துழைத்தவர்கள் என்ற சந்தேகம் மறுபக்கத்திலிருந்து வந்தது. அப்படிச் சந்தேகிக்கப்பட்ட பலர் விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்டதாக வந்த செய்திகளை ஐ.நா. மனித உரிமை ஆணையர் கண்டித்தார். ஒரே அண்டா, ஒரே பருப்பு, இரண்டு குற்றச்சாட்டு. எழுதும் நாளில் அங்கே யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பட்டியலின் ஆபத்தை அளக்க முடியாது.

“எங்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும்” என்பது இன்னொரு பதில். 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களையே ஊடுருவினார்கள். 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அகப்பட்டன. அதுவும் போகட்டும். சர்வருக்கு வரும்முன் அந்த எக்செல் கோப்பு எங்கே இருந்தது? இருபது வயதுத் தன்னார்வலர் ஒருவரின் போனில், வாட்ஸப்பில். சாவடியில் போனை வாங்கித் துழாவுவது அங்கே வாடிக்கை.

இத்தனைக்கும் அந்தப் பட்டியலால் கணக்காவது சரியாக வருமா? வராது. ஒருமுறை ஒரு சமையற்கூடத்திலிருந்து வந்த படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. புதிய அதிகாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எங்களோடு வேலை பார்த்த சூடானியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முழுக்க ஓம்துர்மானின் அல்ஹிலால் கால்பந்து அணியின் பழைய ஆட்டக்காரர்கள். அடுத்த பக்கத்தில் எதிரணியான அல்மரீக்கும் இருந்தது, பாரபட்சம் காட்டவில்லை. அதிகாரி கொதித்துப்போனார், மோசடி என்றார், பணத்தை நிறுத்தவேண்டும் என்றார். உண்மையில் அந்தச் சமையற்கூடத்தில் தினமும் சோறு வெந்துகொண்டிருந்தது. தெருக்காரர்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், நாம் கேட்ட தாளை நாம் கேட்டபடி நிரப்பித் தந்திருந்தார்கள். கால்பந்து தெரியாத தணிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டிருப்பார். ஏட்டுச் சுரைக்காய்க்கு வவுச்சர் வைத்துக் கோப்பை மூடியிருப்போம்.

பேர் இல்லாமல் கணக்கு பார்க்க முடியும். எத்தனை கிலோ பருப்பு வாங்கினார்கள், எத்தனை அண்டா வெந்தது, எத்தனை கிண்ணம் போயிற்று என்று கேளுங்கள். அந்த வாரச் சந்தை விலையை வேறு இரண்டு பேரிடம் விசாரியுங்கள். பக்கத்துச் சமையற்கூடத்தின் கணக்கோடு ஒப்பிடுங்கள்; ஒரே அளவு பருப்பில் ஒருவர் இருமடங்கு கிண்ணம் காட்டினால் அப்போது கேள்வி கேளுங்கள். குடும்பத்துக்கு எண் போட்ட அட்டை போதும். எந்த எண் யாருடையது என்பது அந்தத் தெருவில் ஒருவர் மனத்தில் இருந்தால் போதும். படம் தேவையென்றால் அண்டாவைப் படம் எடுங்கள், வரிசையில் நிற்பவர்களை வேண்டாம். பேரே வேண்டும் என்று டோனர், அதாவது பணம் தருபவர், அடம்பிடித்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மறுத்துவிடுங்கள். பணம் வந்தபின் மறுத்தால், சிக்குவது நாம் இல்லை, சமைப்பவர்கள்தான்.

ஒரே முத்திரையை எல்லா இடத்திலும் நீட்டுவது

ராணுவத் தரப்பில் அரசின் மனிதாபிமான உதவி ஆணையம் பயண அனுமதி தருகிறது. 2023 ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஃப். தன் பங்குக்குத் தனி நிவாரண முகமை ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கும் தனி அனுமதி. ஒரு பக்கத்தின் முத்திரை மறுபக்கத்தில் அனுமதியாகாது. நீங்கள் யாருடைய ஆள் என்பதற்குச் சாட்சியாகிவிடும். எந்தக் காகிதம் எந்தச் சாவடிக்கு என்று ஓட்டுநருக்குத் தெரியும். அவர் பேச்சைக் கேளுங்கள். வண்டியில் அதிகம் படித்தவர் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

செயலியில் அனுப்பியதும் கையைக் கழுவுவது

கையில் ரொக்கம் இல்லாத நாட்டில் ‘பங்கக்’ என்ற வங்கிச் செயலிதான் பாதி வியாபாரத்தை ஓட்டுகிறது. ஆனால் 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பே அறுந்தது. பல ஊர்களில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வைத்திருக்கும் கடையில் காசு கொடுத்து உட்கார்ந்தால்தான் செயலி திறக்கும். அதன்பின் அதை ரொக்கமாக்க ஒரு தரகர் வேண்டும், அவருக்குக் கழிவு வேண்டும். 2024 கடைசியில் ராணுவத்தின் பகுதிகளில் மட்டும் நோட்டு மாற்றினார்கள்; அதனால் எந்த ஊரில் எந்த நோட்டு செல்லும் என்பதும் கவலையாகிவிட்டது.

பட்ஜெட்டில் தரகுக் கழிவுக்கும் இணையக் காசுக்கும் தனியாக ஒரு தொகை போடுங்கள். போடாவிட்டால் அவர்கள் அதைப் பருப்பு விலையில் ஏற்றித்தான் எழுதவேண்டும். நேர்மையான ஆளைத் திருடனாக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

மழையை மறப்பது

சாட் நாட்டு எல்லையிலுள்ள அத்ரேயிலிருந்து அல்ஜெனெய்னா சுமார் 30 கி.மீ. “ஒரு மணி நேரப் பயணம்” என்று திட்டத்தில் எழுதுபவர் ஆகஸ்ட் மழையில் அந்தப் பாதையை வந்து பார்க்கட்டும்.

பால்மா

வேண்டாம். காலரா ஓடும் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் குழந்தையைக் கொல்லும்.

பணம் எதுவரை என்று சொல்லாமல் விடுவது

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் மூடப்பட்டன. அந்த முடிவு நம் கையில் இல்லை. ஆனால் நம் கையில் எவ்வளவு இருக்கிறது, அது எந்த வாரம் தீரும் என்பது நமக்குத் தெரியும். “எப்படியாவது இன்னொரு டோனர் கிடைத்துவிடுவார்” என்ற நம்பிக்கையில் அதைச் சொல்லாமல் இழுப்பவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் அண்டா வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரு மாதம் முன்னதாகத் தெரிந்தால் இரண்டு வேளையை ஒரு வேளையாக்குவார்கள். வெளிநாட்டிலுள்ள உறவுக்காரர்களிடம் கேட்டுப்பார்ப்பார்கள். சோளம் விலை ஏறுமுன் ஒரு மூட்டை கூடுதலாக வாங்கிவைப்பார்கள், கடைக்காரரிடம் கடன் சொல்லிவைப்பார்கள். கடைசி வாரங்களில் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மட்டும் என்று குறைத்துக்கொள்வதா என்பதையும் அவர்களே கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே பணம் தீரும் தேதியை அரபியில் பெரிதாக எழுதி, தொலைபேசியிலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.